அக்காள் பெயரில் தங்கை ரத்தம்

பல்செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு மெழுகக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராதவர்களின் வாய்க்கெல்லாம் மெழுகில் பல் வரிசை கட்டிக்கொண்டிருந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்.

பல் டாக்டர்களிடமிருந்து ஈறின் அளவு பிளாஸ்டர் அச்சாக வரும். அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகை வளைத்து ஒட்டி, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட வேண்டும். இருபத்தெட்டுப் பல்லும் அணிவகுப்பு மாதிரி நேராக நின்றால் போட்டுக்கொள்கிறவர் சிரிக்கும்போது பொம்மை சிரிப்பதுபோல இருக்கும். மெழுகக்கா ஒரு பல்லை மயிரிழை திருப்புவாள். பக்கத்துப் பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவாள். பார்த்தால் பிறவிப் பல் என்று சத்தியம் செய்யலாம். அந்த மயிரிழையில்தான் அவள் பிழைப்பு இருந்தது. அதற்கு விரல் வேண்டும்.

விரல்தான் இரண்டு வருஷமாகச் சண்டித்தனம் செய்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும். முடக்குவாதம் என்று மூட்டு டாக்டர் சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி அடங்கியது. காலை விறைப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மெழுகை இளக்கப் பட்டறையில் ஒரு வெந்நீர்த் தொட்டி உண்டு. மற்றவர்கள் ஒன்பதுக்கு வந்தால் அவள் எட்டுக்கே வந்து, அதில் மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலை என்றால் மெழுகக்காதான் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். நல்ல பேர் எப்படியெல்லாம் கிடைக்கிறது பாருங்கள்.

அந்த வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கு முதலாளி மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு. நாம தெறக்கப் போற புதுப் பட்டறைக்குப் பொறுப்பா உன்னைத்தான் மனசுல வெச்சிருந்தேன்."

'வெச்சிருந்தேன்' என்று கேட்டதும் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

மேடம் ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு. சர்க்கரை இல்ல, கொழுப்பு இல்ல, எல்லாம் நல்லா இருக்கு. இந்த ஒரு வரியப் பாரு. ஆன்டி சி.சி.பி.ன்னு ஒண்ணு. மூட்டு நோய் உள்ளவங்க ரத்தத்துல இருக்குமாம். இருபதுக்குள்ள இருக்கணும். உனக்கு இருநூத்திப் பதினாலு."

மெழுகக்கா காகிதத்தைப் பார்த்தாள். அந்த எண்ணுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். மேலே அவள் பெயர் இருந்தது.

"நம்ம பாலிஷ்காரர் கதை உனக்குத் தெரியும். கை வலின்னு ஒரு வார்த்தை சொல்லாம மறைச்சு, ஒரு நாள் பாதி வேலையில எந்திரிச்சுப் போனார். நாப்பது செட்டு நின்னுபோச்சு. அதுக்கப்புறம்தான் பொறுப்பு குடுக்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்ட வெச்சேன். உன்மேல சந்தேகப்பட்டு இல்ல."

"புரியுது மேடம்."

"ஒரு வாரம் டயம் தரேன். மூட்டு டாக்டர்கிட்ட காட்டி, கைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதி வாங்கிட்டு வா. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். நீ இங்க மெழுகு மேசையில தொடர்றதப் பத்தியும் யோசிக்கணும்."

மேடம் கொடுத்த நகலை மெழுகக்கா மடித்து எடுத்துக்கொண்டாள். அந்த ரத்தம் அவளுடையதே இல்லை.

போன வாரம் டெஸ்ட் என்றதும் பயந்து போனவள் தங்கையிடம்தான் ஓடினாள். தங்கை ஐந்து வயது இளையவள். இரண்டு தெரு தள்ளிப் பெண்களுக்கு முடி வெட்டுகிற பார்லரில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக இருக்கிறாள். அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆளில்லாததால் அக்காவின் வீட்டுக்காரர் அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார். "இதுக்கா இப்படி முழிக்கிற? நான் போய்க் குடுத்துட்டு வரேன். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. உனக்குக் கண்ணாடி இருக்கு, எனக்கு இல்ல, அவ்வளவுதான்" என்று ரேடியோவே முன்வந்தாள். அக்காவின் கண்ணாடியையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது, கண்ணாடி போட்டதில் படி தெரியாமல் லேப் வாசலில் இடறி விழப் போனதை நடித்துக் காட்டினாள். அக்கா, வீட்டுக்காரர், தங்கை மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நல்ல ரத்தம் கொடுக்கப் போனவள் இருநூற்றுப் பதினான்கை எப்படிக் கொண்டுவந்தாள்? போகவே இல்லை என்று மெழுகக்காவுக்குப் பட்டது. போய்விட்டு வந்ததாக நடித்திருக்கிறாள். கடைசி நிமிஷத்தில் மறந்துபோய் யாரையாவது அனுப்பியிருக்கிறாள். மதியம் சாப்பாட்டு நேரத்தில் குடையைக்கூட எடுக்காமல் பார்லருக்குப் போனாள். தங்கை ஒரு அம்மாளின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் காகிதத்தை நீட்டினாள்.

"நீ போனியா, போகலையா?"

"எங்க?"

"ரத்தம் குடுக்க. உண்மையச் சொல்லு. யார அனுப்பின?"

"என்னக்கா பேசற? ஊசி குத்தின எடம் ரெண்டு நாள் பச்சையா இருந்துச்சு. உன் கண்ணு முன்னாடிதான காட்டினேன்."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

தங்கை காகிதத்தை வாங்கிப் படித்தாள். சாயம் ஒட்டிய கையுறையால் அதன் ஓரம் கறுத்தது. "லேப்காரன் மாத்திப்புட்டான். அன்னைக்கு அங்க திருவிழாக் கூட்டம் மாதிரி ஆளுங்க. ஒரே ஆளு குத்தறான், அவனே சீட்டு ஒட்டறான், நடுவுல போன் வேற. யாரோட குழாயோ என் பேருக்கு வந்திருக்கு. உன் பேருக்கு. சே, எனக்கே குழம்புது."

"வெளையாடாத. என் வேலை போகப்போகுது."

"நான் எங்க வெளையாடினேன்? வா, இப்பவே லேப்புக்குப் போய்ச் சண்டை போடலாம்."

"போயி என்னன்னு சொல்லுவ? நான்தான் அவ பேர்ல வந்து குடுத்தேன்னா?"

உள்ளே சாயம் காய்கிறது என்று அந்த அம்மாள் குரல் கொடுத்தாள்.

சனிக்கிழமை மூட்டு டாக்டரைப் பார்க்கப் போனாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மாத்திரையில் கை நன்றாக இருக்கிறது, வேலை செய்யலாம் என்று நாலு வரி எழுதித் தருவார். எப்படியும் தன் ரத்தத்தில் இருக்கிற நோய்தானே, லேப்காரன் யாருடைய குழாயை மாற்றியிருந்தால் என்ன என்று சமாதானம் செய்துகொண்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவளுடைய பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"இது உங்க ரத்தமா?"

"ஆமாங்க டாக்டர்."

"இருக்க முடியாதும்மா. உங்களுக்கு நானே ரெண்டு தடவை இதே டெஸ்ட் எடுத்திருக்கேன். ரெண்டு தடவையும் ரெண்டுக்கு மேல போகல. உங்களுக்கு நோய் உண்டு. ஆனா இந்த அடையாளம் ரத்தத்துல காட்டாத ரகம். கொஞ்சம் பேருக்கு அப்படித்தான். விரலப் பாத்தும் ஸ்கேன் எடுத்தும்தான் கண்டுபிடிச்சோம். அன்னைக்கே சொன்னேனே."

சொல்லியிருப்பார். அன்றைக்கு முடக்குவாதம் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் காதில் எதுவும் விழவில்லை. நோய் இருந்தால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். அவளே போய்க் கையை நீட்டியிருந்தால் இந்த வரி சுத்தமாக வந்திருக்கும். புதுப் பட்டறையின் சாவி இந்நேரம் அவள் பையில் இருந்திருக்கும். அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. 

"டாக்டர், அது என் தங்கச்சி ரத்தம்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தாறு. அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க. ஓடியாடித் திரியறா. லேப்ல மாறியிருக்கும், இல்லைங்களா?"

"மாறியிருக்கலாம். ஆனா கூடப்பிறந்தவங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால மாறியிருக்கும்னு விட்டுட முடியாது." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "உடம்பக் காக்கறதுக்குன்னு உள்ள ஒரு படை இருக்கு. அது வழி தப்பி நம்ம மூட்டு மேலயே திரும்புது. அதோட அடையாளந்தான் இது. சிலருக்கு வலி வர்றதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே ரத்தத்துல வந்துடும். சிலருக்கு வலி வராமலே போயிடும். வலி இல்லன்னா பயப்பட வேண்டாம். பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"இருந்தா?"

"இருந்தா ஒரு நாளத் தள்ளக் கூடாது. இப்ப மருந்து ஆரம்பிச்சா மூட்டக் காப்பாத்தலாம். வருஷம் போக்கிட்டு வந்தா, வளைஞ்ச விரல என்னால நிமித்த முடியாது. அவங்களக் கேளுங்க. கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதினைந்து வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்த பழக்கத்தில், பேச்சில் சங்கடம் வந்தால் வீட்டு நாற்காலியிலும் வலது கால் தரையை அழுத்தும். அன்று மாலை மெழுகக்கா சொல்லச் சொல்ல அந்தக் கால் தரையை விட்டு எழவே இல்லை.

"அப்ப உன் ரத்தம் சுத்தம்" என்றார் கடைசியில்.

"அதுவா இப்ப முக்கியம்?"

"சொல்றதக் கேளு. திங்கக்கிழமை மேடத்துகிட்டப் போயி லேப்ல தப்பு நடந்துருச்சுன்னு சொல்லு. மறுபடி குடுக்கறேன்னு சொல்லு. இந்தத் தடவை நீயே போ. சுத்தமா வரும். இந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுருவாங்க. முடிஞ்சுது."

"அவளுக்கு?"

"அவளுக்கு என்ன? சிரிச்சிட்டுத் திரியறா. அடுத்த மாசம் சிநேகிதிகூடச் சேந்து சொந்தமா பார்லர் தெறக்கப் போறா. பத்து வருஷக் கனவு. இப்பப் போயி உன் ரத்தத்துல இப்படி இருக்குன்னு சொன்னா என்ன ஆவா? டாக்டரே வராமலும் போகலாம்னுதான சொல்லியிருக்காரு."

"ஏற்கெனவே வலி இருந்தா நாளத் தள்ளக் கூடாதுன்னும் சொன்னாரு."

"வலி இருந்தா அவ சும்மா இருப்பாளா? தலைவலி வந்தாலே தெருவுக்கே தெரியும்."

அது நியாயமான பேச்சுதான். அவளும் நம்பத்தான் பார்த்தாள். நோயின் முதல் மாசங்களில் அவளே யாரிடமும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து கெடுத்தது. அப்போது கைப்பையின் ஜிப்பை இழுக்க முடியாமல், காலையில் அவர் குளிக்கப் போகும் வரை காத்திருந்து பல்லால் கடித்து இழுத்திருக்கிறாள். பக்கத்தில் படுக்கிற மனிதருக்கு ஏழு மாசம் கழித்துத்தான் தெரியும். அவர் மோசமானவர் இல்லை. தெரியாமல் வைத்துக்கொள்வது அவ்வளவு சுலபம்.

"உங்களுக்கே எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அவர் கால் தரையை இன்னும் அழுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மெழுகக்கா தங்கை வீட்டுப் பக்கம் போகவே இல்லை. தங்கை இரண்டு முறை போன் செய்தாள். துணி துவைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். கேட்காத வரை ஒன்றுமில்லை என்றுதான் இருக்கும். அந்த ஒரு நாளையாவது அப்படி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டாள்.

திங்கள் காலை மேடமே அவள் மேசைக்கு வந்துவிட்டார். கையில் அந்த ரிப்போர்ட்டின் அசல். மெழுகக்கா ஒரு முன்பல்லை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள்.

"நானே லேப்புக்குப் போன் போட்டேன். அன்னைக்கு அவங்ககிட்ட ஆள் கம்மியாம், தப்பு நடந்திருக்கலாம்னு இழுக்கறாங்க. நீ இன்னொரு தடவை குடுத்துடு. சரியா வந்தா இதக் கிழிச்சுப் போட்டுடலாம். இந்த லேப்காரங்களே இப்படித்தான். நல்லா இருக்கறவங்களுக்கு நோய ஒட்டி விட்டுடறாங்க."

இதற்குமேல் யார் வழி விடுவார்கள்? சரி மேடம் என்று இரண்டு சொல் போதும். மெழுகக்காவுக்கு அது நாக்கு வரை வந்தது. ஆனால் தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காகிதம் கிழிந்தால் சாயங்காலத்துக்குள் லேப் தப்பு என்று அவளே நம்பிவிடுவாள். நாளைக்கு அதை மற்றவர்களிடம் கதையாகச் சொல்லுவாள். தங்கையிடம் எதையும் கேட்கவே மாட்டாள்.

"கிழிக்க வேண்டாம் மேடம். லேப்ல தப்பு இல்ல."

"என்ன சொல்ற?"

"என் பேர்ல என் தங்கச்சி வந்து குடுத்தா. அது அவ ரத்தம். எனக்கு ரெண்டு வருஷமா முடக்குவாதம் இருக்கு. என் ரத்தம் குடுத்தா இந்த டெஸ்ட்ல ஒண்ணும் வராது, எனக்கு அந்த ரகம் இல்லையாம். ஆனா நோய் இருக்கு. மாத்திரை சாப்பிடறேன்."

சொல்லி முடித்தபோதுதான் கத்தி விளக்கிலேயே இருந்து பழுத்துப்போனது தெரிந்தது. மேடம் வெந்நீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பாலிஷ் இயந்திரம் அடுத்த அறையில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"எட்டு மணிக்கே வந்து வெந்நீர்ல கைய வெச்சுக்கிட்டு இருப்பியே. அது இதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"நான் ஒருத்தி, வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் உன்னப் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்." மேடம் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. "புதுப் பட்டறைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீ இங்க இரு. இப்போதைக்கு."

காகிதத்தை மெழுகுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மெழுகக்கா முன்பல்லைப் பிடுங்கி மறுபடி நட்டாள். மூன்று தடவை நட்டும் நேராகவும் நிற்கவில்லை, கோணலாகவும் நிற்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மழையில் பார்லர் காலியாக இருந்தது. தங்கை தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க வாங்க. நேத்து பூரா துணி தொவச்சு ஊரையே வெளுத்துட்டீங்களா? ரெண்டு தடவை போன் பண்ணினேன். மாமா ஏதாவது சொன்னாரா? வேலை என்னாச்சு? லேப்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"உக்காருடி."

"நீ உக்காரு. தலையப் பாரு, காக்கா கூடு மாதிரி."

"உக்காருன்னு சொல்றேன்ல."

தங்கை கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே பெரிய கண்ணாடி. இரண்டு பேரும் ஒரே முகத்தோடு அதில் தெரிந்தார்கள். மெழுகக்கா பின்னால் நின்றபடியே டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அந்த எண் லேப் தப்பாக இல்லாமல் இருக்கலாம், வலி இல்லையென்றால் பயமில்லை, இருந்தால் நாள் கடத்தக் கூடாது. மேடத்திடம் சொல்லிவிட்டதையும் சொன்னாள்.

"ஐயோ, அத ஏன்க்கா சொன்ன? வேலை போயிருமே."

"அத விடு. உனக்குக் கை வலி இருக்கா?"

"எனக்கா? எனக்கென்ன வலி. நாள் பூரா கத்திரி புடிக்கறேன், சாயங்காலமானா கொஞ்சம் அசதி. யாருக்குத்தான் இல்ல?"

"காலையில விரல மடக்க வருதா?"

"வருதே. ஏன் வராம?"

டாக்டராக இருந்தால் இத்தோடு எழுதிக்கொண்டு விட்டிருப்பார். மெழுகக்கா விடவில்லை. இரண்டு வருஷமாக அந்த விரல்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அடுத்த கேள்வி தெரியும்.

"எத்தன மணிக்கு வருது?"

தங்கை கண்ணாடியில் அக்காவைப் பார்ப்பதை விட்டுவிட்டு மடியைப் பார்த்தாள். பேச்சுக்குப் பேர்போனவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்து மெழுகக்கா பார்த்ததே இல்லை.

"பத்து, பத்தரை ஆவும்" என்றாள்.

"எத்தன நாளா?"

"நாலு மாசமா."

மெழுகக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நாலு மாசமா வெச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு நான் போறேன்னு குதிச்சியா?"

"கத்திரி புடிச்சுத்தான் வருதுன்னு நெனச்சேன்க்கா. நெசமாத்தான். உன்னோடது மாதிரி இருக்குமோன்னு ஒரு ஓரத்துல தோணும். உடனே வேற எதையாவது பேச ஆரம்பிச்சிடுவேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உங்கிட்டச் சொல்லியிருந்தா என்னை அனுப்பியிருப்பியா? நீயே போயிருப்ப. வேலை போயிருக்கும்."

மெழுகக்கா டாக்டர் சொன்னதில் ஒன்றை மட்டும் இதுவரை சொல்லியிருக்கவில்லை. அவளே போயிருந்தால் வேலை போயிருக்காது. அதைச் சொல்ல இப்போதும் அவளுக்கு மனசு வரவில்லை. சொல்லவே போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டாள்.

தங்கையின் வலது கையை எடுத்தாள். தன் கையை டாக்டர் அழுத்திப் பார்த்த மாதிரியே விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். இரண்டாவது கணுவில் தங்கை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வீக்கம் கண்ணுக்கே தெரிந்தது. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று மெழுகக்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு சொல்லிடு. டாக்டர்கிட்டப் போறோம்."

"எத்தன மணிக்கு?"

"பத்துக்கு அங்க இருக்கணும்."

"பத்துக்கா?" தங்கை சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. "ஊரு தலையெல்லாம் வாரி விடறேன்க்கா. பத்துக்கு முன்னாடி என் தலைய என்னால வார முடியாது. நாலு மாசமா வெறும் கொண்டைதான். அப்படியேவா டாக்டர் முன்னாடி வர்றது?"

மெழுகக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கையின் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

"எனக்கும் மாத்திரைக்கு முன்னாடி பதினொண்ணு ஆவும். இப்ப எட்டரைக்கெல்லாம் கை வந்துடுது" என்றாள். "ஒம்போதுக்கு வரேன். நான் வாரி விடறேன்."